அந்தக் காசு எங்கே கிடந்தது? – வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் கரூர் அமராவதி ஆற்றுக் காசுகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் மெட்டல் டிடெக்டர் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கருவியைப் பற்றியும் மண்ணில் கிடைக்கும் காசுகளைப் பற்றியும்தான். அதனால் இந்த முறை எல்லாப் பக்கங்களும் அதற்கே. வழக்கம்போல எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. ஊரையும் தோராயமாகத்தான் போட்டிருக்கிறேன். காசு கிடைத்த தோட்டத்தைத் தேடி ராத்திரியில் ஆட்கள் கடப்பாரையோடு வந்த கதைகளை நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இங்கிலாந்தில் வயலில் டிடெக்டரோடு நடந்து ரோமானியக் காசு எடுக்கும் வீடியோக்களை விடாமல் பார்க்கிறேன். ஆன்லைனில் எட்டாயிரம் ரூபாய்க்கே கருவி கிடைக்கிறது. நம் ஊரிலும் ரோமானியக் காசு உண்டு என்று நீங்களே எழுதினீர்கள். வாங்கலாமா? எங்கே தேடலாம்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல் பக்கம்

தம்பி, கருவி வாங்குவது உங்கள் இஷ்டம். அதைத் தூக்கிக்கொண்டு பழைய ஊர் மேட்டிலும் ஆற்றங்கரையிலும் தோண்டப் போகாதீர்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டு, காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

கருவி வேலை செய்யும் விதம் நீங்கள் வகுப்பில் படித்ததுதான். அடியில் உள்ள வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள். அதில் மாறுமின்னோட்டம் ஓட ஓட, மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு உலோகம் மாட்டினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்குச் சின்னதாக ஒரு காந்தப்புலத்தைக் கிளப்பும். இன்னொரு சுருள் அதைப் பிடித்துக் காதில் சத்தமாகக் கொடுக்கும். இரும்புக்கு ஒரு சத்தம், செம்புக்கும் வெள்ளிக்கும் வேறு சத்தம். ஆனால் சின்னத் தங்க நகைக்கும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளுக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான். ரூபாய்க் காசு அளவுள்ள பொருள் என்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் வரை கேட்கும். நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம் என்பதால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் கத்தும்.

இனி வீடியோ விஷயம். அந்த ஊர்க் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். 1992 நவம்பர் 16. சஃபோக்கில் ஹாக்ஸன் என்ற கிராமம். ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. எரிக் லாஸ் என்ற அவருடைய நண்பர் டிடெக்டரோடு அதைத் தேடப் போனார். கருவி கத்திய இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசு. கொஞ்சம் எடுத்தவர், இன்னும் நிறைய இருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். குழியை அப்படியே விட்டுவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல் துறையினர் வந்து, மண்ணைப் படிப்படியாக விலக்கி எடுத்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள், பொன்னும் வெள்ளியுமாக ஏறத்தாழ 200 பொருட்கள். மரப்பெட்டி மக்கிப்போயிருந்தது. ஆனாலும் எந்தப் பொருள் எதன் மேல் அடுக்கியிருந்தது, எது தனிச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது என்பதெல்லாம் தெரிந்தது. அவருக்குக் கொடுத்த பரிசுத்தொகை 17.5 லட்சம் பவுண்ட். அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

2010-ல் சோமர்செட்டில் ஃப்ரூம் என்ற ஊர்ப் பக்கத்திலும் இதே மாதிரி நடந்தது. டேவ் கிரிஸ்ப் என்பவர் பானையின் வாயைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தினார். ஒரே பானையில் 52,503 காசுகள். ஆய்வாளர்கள் பானையிலிருந்து அடுக்கடுக்காக அள்ளி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக வைத்து எண்ணினார்கள். கடைசியாக அச்சடித்த மன்னனின் காசுகளில் பெரும்பகுதி பானையின் மேல்மட்டத்தில் இல்லை, பாதிக்கும் கீழே இருந்தது. வருஷாவருஷம் சேமித்துப் போட்டிருந்தால் புதுக்காசு மேலேதான் இருக்க வேண்டும். அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டியிருக்கிறார்கள். அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் இந்த ஒரு சேதி போயே போயிருக்கும், காசு அத்தனையும் கையில் இருந்தும்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் ஏர் ஓடிய மண்ணின் மேல்பகுதியில்தான் தேடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள். அந்த மண் ஏற்கெனவே கலப்பை புரட்டியது. அங்கும் நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் உரிமம் இல்லாமல் கருவியை எடுப்பதே குற்றம். கிடைத்ததைப் பதிந்துகொள்ள மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலர் இருக்கிறார். நம் நாட்டில் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. 1958-ம் ஆண்டுத் தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்படாத இடத்தில் அகழாய்வு செய்வதற்கும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். கொடுமணல், கீழடி மாதிரி இடங்களில் அடுக்கு அடுக்காகப் படிக்க வேண்டிய மண்ணில் நாம் போடும் ஒவ்வொரு ஓட்டையும், நடுவில் கிழிந்த ஓலைச்சுவடி மாதிரி.

கருவியால் நல்ல காரியமும் நடக்கும். போன ஐப்பசியில் என் தங்கை தோட்டத்தில் கடலை பிடுங்க வந்த அம்மிணி ஒருவருக்கு ஒரு காதுத் தோடு விழுந்துவிட்டது. அரைப் பவுன் ஜோடியில் ஒன்று. "வூட்டுக்கு என்ன பதில் சொல்றதுங்ணா" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தெரிந்த பையன் ஒருவன் டிடெக்டர் கொண்டுவந்தான். முதல் அரைமணி நேரம் சோடா மூடி, மாட்டு லாடம், டிராக்டர் போல்ட்டு. அப்புறம் ஒரு ஓட்டைக் காலணா; 1943-லிருந்து 1947 வரை அச்சடித்த, நடுவில் துளை உள்ள செம்புக் காசு. பிடுங்கிக் குவித்திருந்த செடிகளின் மேல் தட்டை ஓட்டியபோது மெல்லிசாக ஒரு சத்தம். "வெள்ளித்தாள்தான் சார்" என்று நகரப் பார்த்தான். அதையும் பாருப்பா என்றேன். ஒரு செடியின் வேரில் காய்ந்த மண் உருண்டைக்குள் தோடு, திருகாணி இல்லாமல். வாங்குவதானால் இதற்கு வாங்குங்கள். உங்கள் ஊரில் நாலு பேருக்கு உதவும்.

தென்னங்கன்று வைக்கக் குழி எடுத்தபோது மண் கலயம் ஒன்று உடைந்து காசு கொட்டியது. பச்சை பிடித்த செப்புக் காசு. எண்ணவில்லை, ஒரு படி இருக்கும். பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம் என்கிறார்கள். மகன் யாரிடமும் மூச்சுவிடாதே என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
– விவசாயி, தாராபுரம் பக்கம்

உங்கள் மனசு சொல்வதுதான் சரி, ஐயா. ஊரில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "சொன்னா கவர்மெண்ட்டு புடுங்கிக்கும், கேசு வேற போடும்" என்பார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

நாட்டில் இன்னும் நடப்பில் இருப்பது 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் புதையல்தான்; அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால், கண்டெடுத்தவர் தாமதிக்காமல் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குக் கலெக்டர் ஏற்கும் பிணை கொடுக்க வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு தேதி வைத்து, உரிமை கோருகிறவர்களை வரச் சொல்வார். உடையவர் யாரும் இல்லாத புதையல் என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. நிலத்துக்காரர் என்று வேறு யாரும் உரிமை கோராவிட்டால் முழுதும் கண்டெடுத்தவருக்கே. அருங்காட்சியகத்துக்கு வேண்டும் என்று கலெக்டர் எடுத்துக்கொள்வதானால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் பணம் கொடுக்க வேண்டும். செப்புக் காசுக்கு இது பெரிய தொகையாக வராது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சட்டத்தை இன்றைய நிலைக்கு மாற்ற வேண்டும் என்று பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் தெரிவிக்காமல் விட்டால் பங்கு மொத்தமும் போய்விடும். ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. அபராதமும் போடலாம்.

குழி வெட்டியது கூலிக்கு வந்தவர் என்றால் அவர் பெயரையும் கடிதத்தில் எழுதுங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது. இந்த இதழ் கைக்கு வந்த அன்றைக்கே செய்யுங்கள். காசைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். உடைந்த கலயத்தின் ஓட்டுச் சில்லுகளைத் தூக்கி எறிந்திருந்தால் பொறுக்கி எடுத்து ஒரு துணியில் கட்டி வையுங்கள். கலயம் எந்தக் காலத்தது என்பதை அந்தச் சில்லு சொல்லும், அது காசின் வயதுக்கும் துணை. குழியை மூடாதீர்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, குழியையும் காசையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கலயம் இருந்த ஆழத்தை ஒரு குச்சியால் அளந்து குறித்து வையுங்கள். கடிதத்தை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வி.ஏ.ஓ. கையில் கொடுத்து, இன்னொன்றைக் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மூன்றாவதில் வி.ஏ.ஓ.விடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பங்காளிகளிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். ஒரு படி காசு ஒன்றாக இருந்தால் அது ஒரு காலத்தின் கணக்குப் புத்தகம். ஆறு வீட்டு டப்பாவுக்குப் பிரிந்துபோனால் வெறும் பழைய செம்பு.

பூமிக்குள் பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் தங்கத்தைக் காட்டும் கருவி என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். அவரே, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818-ம் வருஷக் கம்பெனிக் காசு ஒன்று வைத்திருக்கிறார், அரிசியை இழுக்கிறது, கோடிக்கணக்கில் போகும் என்கிறார். நம்பலாமா?
– சேலம் வாசகர்

நம்பாதீர்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு காசு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போனாலே கேட்பது கஷ்டம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். நின்ற இடத்திலிருந்து தூரத்துத் தங்கத்தைக் காட்டும் கருவி என்று ஒன்று உலகத்தில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராமரையோ அனுமாரையோ போட்டு அணாக் காசு அடித்ததே இல்லை. 1616, 1818 என்று வாய்க்கு வந்த வருஷத்தைப் போட்டு வார்த்த போலிகள் அவை, சந்தையில் கூறுகட்டி விற்கிறார்கள். அரிசி இழுப்பதெல்லாம் அரிசியில் இரும்புத் தூளைக் கலந்து காந்தத்தைக் காட்டும் வேலை. நன்றாகப் படித்தவர்கள் வீட்டை விற்று இதில் விட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உண்மையான கம்பெனிக் காசு பார்க்க வேண்டுமா? 1808 என்று வருஷம் போட்ட 20 காசு நாணயம், சென்னை மாகாணத்துக்காக அச்சடித்தது. ஒரு பக்கம் இரண்டு சிங்கம் தாங்கிய கம்பெனி முத்திரை இருக்கும். இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டுத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. நம் ஊர்ச் சந்தைக்கு வர வேண்டிய காசுகள் அந்தக் கடலடி மணலில் நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் கிடந்து, அப்புறம் முக்குளிப்பவர்கள் எடுத்தார்கள். கோடிக் கதை கேட்பதற்குப் பதில் இப்படிப்பட்ட ஒரு காசை வாங்கி, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். விலை அப்படி ஒன்றும் மிரட்டாது.

நார்ஃபோக்கில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை. என் கணவர் இங்கே ஒரு டிடெக்டிங் கிளப்பில் சேர்ந்து, நிலத்துக்காரர் அனுமதியோடு தேடுகிறார். சென்ற மாதம் சின்ன வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ரோமானியக் காசு என்கிறார்கள். ஊருக்கு வரும்போது அப்பாவுக்குக் கொண்டுவரலாமா?
– வாசகி, இங்கிலாந்து

அப்பாவுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறீர்களே, அம்மா, அந்த எண்ணமே நல்லது. ஆனால் வரிசைப்படி செய்யுங்கள்.

இங்கிலாந்தின் 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, தனியாகக் கிடைத்த ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. அதே இடத்தில் 300 வருஷத்துக்கு மேற்பட்ட இரண்டாவது பொன் அல்லது வெள்ளிக் காசு கிடைத்தால் கதை மாறும். 14 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். அதனால் உங்கள் வீட்டுக்காரர் அந்த வயலுக்கு மறுபடி போகிறாரென்றால் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஒற்றைக் காசையும் உங்கள் மாவட்டத்தில் உள்ள பதிவு அலுவலரிடம் காட்டிவிடுங்கள். போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் என்று 1997-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், கிடைத்த இடத்தோடு பதிவாகியிருக்கின்றன. எந்த ஊரில் ரோமானியச் சந்தை இருந்தது, எந்தப் பாதை வழியாகப் போனார்கள் என்பதை இந்தச் சின்னச் சின்னப் பதிவுகளை வைத்தே வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் மண்ணில் கிடைத்த தொல்பொருளை வெளிநாடு கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள். அதையும் அந்த அலுவலரிடமே கேட்டுக்கொண்டு, அப்புறம் பெட்டியில் வையுங்கள்.

லண்டன் போனால் பிரிட்டிஷ் மியூசியத்தில் இரண்டு விஷயங்களைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். முதலாவது, முதல் பதிலில் சொன்ன ஹாக்ஸன் புதையல். அதில் நாலு மிளகுத் தூவிகள் உண்டு. ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம். தலை வாரிய விதம், கையில் பிடித்த சுருள், காதணி வரைக்கும் வெள்ளியில் செய்திருக்கிறார்கள். அடியில் ஒரு வட்டத் தட்டு. அதைத் திருப்பினால் ஒரு நிலையில் மூடிக்கொள்ளும், ஒரு நிலையில் மிளகு நிரப்பலாம், ஒரு நிலையில் சின்ன ஓட்டைகள் வழியாகத் தூவலாம். அந்த மிளகு விளைந்தது நம் மேற்கு மலைச் சரிவில். சேரர் துறைமுகமான முசிறியில் யவனர் கப்பல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூற்றில் வருகிறதே, அந்தக் கறிதான் மிளகு. கறி போன இடத்தை சஃபோக் வயலில் பார்க்கிறோம்.

பொன் வந்த இடம் உங்கள் மாவட்டம். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள்தான் நான் சொல்ல வந்த இரண்டாவது விஷயம். அவற்றிலிருந்தும் காசுகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் மேல் உளியால் வெட்டிய ஒரு கோடு இருக்கும். இது இனி காசாகச் செல்லாது, எடைக்குத் தங்கம் மட்டுமே என்று அடையாளம் போட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. உங்கள் ஊர்த் தட்டார் யாரோ ஒருவர், ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் கன்னத்தில் உளியை வைத்து ஒரே தட்டாகத் தட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். அதைப் போட்டோவில் அப்பாவுக்குக் காட்டினாலே போதும், ரொம்ப சந்தோஷப்படுவார்.

அமராவதி ஆற்று மணலில் ஏன் இவ்வளவு காசு? ஆற்றில் சலித்து எடுத்ததால்தானே சேரர் காசுகள் நமக்குத் தெரியவந்தன? அப்புறம் ஏன் எடுக்கக் கூடாது என்கிறீர்கள்?
– ஆசிரியை, கரூர்

ஏன் இவ்வளவு என்பதற்குச் சுருக்கமான பதில்: ஆற்றங்கரையில் பெரிய ஊர். ஈராயிரம் வருஷ வெள்ளத்தில் கரை இடிந்து, வீடும் கடையும் இருந்த மண் ஆற்றோடு போகும்போது கனமான காசு மணலுக்கடியில் தங்கிவிடும். கும்பிட்டுத் தண்ணீரில் போட்ட காசும் கலந்திருக்கலாம்.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழ் எழுத்துப் பொறித்த வெள்ளிக் காசுகள் கரூர் ஆற்று மணலில் கிடைத்திராவிட்டால், சேரர் இப்படித் தம் முகத்தையும் பெயரையும் காசில் போட்டார்கள் என்று யார் சொல்லியிருப்பார்கள்? பாண்டியர் பக்கம், 'பெருவழுதி' என்ற எழுத்துள்ள செப்புக் காசைப் படித்து வெளியிட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவரைப் போன்றவர்கள் பழைய பாத்திரக் கடையிலும் காசு வியாபாரியிடமும் தேடித் தேடி வாங்கியிராவிட்டால் பல காசுகள் உருக்குச் சட்டிக்குப் போயிருக்கும். மணல் சலித்த அந்த ஏழை ஜனங்களுக்கும் நான் நன்றி சொல்லத்தான் செய்வேன்.

ஆனால் டீச்சர், அந்த மாக்கோதை காசு எந்த நூற்றாண்டு என்று இன்னும் தர்க்கம் தீரவில்லை. அந்த முகம் ரோமானியக் காசின் முகம் மாதிரி இருக்கிறது என்பதை வைத்தும், எழுத்தின் வடிவத்தை வைத்தும் கணக்குப் போடுகிறார்கள். அதே காசு ஒரு அகழாய்வுக் குழியில், இன்ன அடுக்கில், இன்ன பானை ஓட்டோடு கிடைத்திருந்தால் பாதித் தர்க்கம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆற்று மணல் ஏற்கெனவே கலங்கிய மண். கலங்காத மண்ணை நாம் கலக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. உங்கள் பிள்ளைகளை ஊரில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் காசைப் பார்த்து ஒவ்வொருவரையும் அதை வரையச் சொல்லுங்கள். வரையும்போதுதான் எழுத்து கண்ணில் படும்.

பாட்டி வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறையப் பழைய செப்புக் காசு. கறுப்பும் பச்சையுமாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வருமா? எப்படிப் பாதுகாப்பது?
– இல்லத்தரசி, திருப்பூர்

தயவுசெய்து புளி போடாதீர்கள். எலுமிச்சம்பழம், பாத்திரம் துலக்கும் பொடி, சாம்பல், நகைக்கடைத் திரவம் எதுவும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த அந்தக் கெட்டியான பச்சையும் கருமையும்தான் அதற்குப் போர்வை. எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் போர்வையில்தான் நிற்கின்றன. மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, நன்றாக ஊறினதும் மூங்கில் பல்குச்சியின் நுனியால் மண்ணை மட்டும் மெல்லத் தள்ளுங்கள். துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிட்டு, ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து பிசுபிசுப்பு இறங்கிக் காசை அரிக்கும். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி உதிரும் பூஞ்சை போல ஒரு காசில் தெரிந்தால் அதைத் தனியாக எடுத்துவையுங்கள். அது செம்பைத் தின்னும் நோய், ஈரம் பட்டால் வளரும். அதை அருங்காட்சியகத்தில் உள்ள வேதியியல் பிரிவினரிடம்தான் காட்ட வேண்டும். ஒவ்வொரு உறையின் மேலும் "பாட்டி வீட்டுப் பரண்" என்று ஊர்ப்பெயரோடு எழுதுங்கள். பாட்டிக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதிவையுங்கள்.

புளி வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு அப்போது பதினோரு வயது. கோடையில் அமராவதி வறண்டிருந்தது. ஊற்று தோண்டிய குழிப் பக்கத்தில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, சதுரமாக ஒரு காசு எடுத்தேன். பச்சைக்கு நடுவே யானையின் முதுகு தெரிந்தது, அதற்கு மேலே ஏதோ கீறல்கள். வீட்டுக்கு ஓடிவந்து, அம்மா குடம் துலக்கிக்கொண்டிருந்த கிணற்றடியில் உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது. தெருவில் எல்லாருக்கும் காட்டினேன்.

அந்தக் காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பின்பக்கத்தில் சேரரின் வில் மட்டும், சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால், ஒரு வளைந்த கோடாகத் தெரியும். முன்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறது. யானைக்கு மேலே இருந்த அந்தக் கீறல்கள் எழுத்தா, வேறு சின்னமா என்று நானும் எவ்வளவோ லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன்.